நீர் கோப்பது நுரையீரலுக்கு வெளியே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த காசநோய்க் கட்டுரை பயனுள்ளதே. ஆனால் 'நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்ளும்' என்ற அதன் வரியை, நெஞ்சக நோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், திருத்த வேண்டியிருக்கிறது. காசநோயில் அந்த நீர் சேர்வது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையின் இரண்டு அடுக்குகளுக்கு இடையில்தான்.

புளூரா எனப்படும் இவ்வுறையின் ஓர் அடுக்கு நுரையீரலோடு ஒட்டி, அதன் பிளவுகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது; மற்றது விலா எலும்புகளின் உட்புறத்தையும் உதரவிதானத்தின் மேற்புறத்தையும் போர்த்தியிருக்கிறது. மூச்சுக்குழல் நுரையீரலுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று மடங்கி மற்றொன்றாகிவிடுவதால், உண்மையில் இரண்டும் ஒரே சவ்வுதான். இடையில் இயல்பாக இருப்பது 10 முதல் 20 மில்லி நீர். கழுவி ஈரத்தோடு அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமே தவிர எளிதில் பிரியாது. நெஞ்சுக்கூடு விரியும்போது நுரையீரலும் கூடவே விரிவது ஏறக்குறைய அப்படித்தான். அந்த இடைவெளியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவு. அங்கே காற்று புகுந்துவிட்டால் நுரையீரல் சுருங்கிப்போகும்.

நுரையீரலை ஒட்டிய அடுக்குக்கு வலி தெரியாது. வெளி அடுக்கில் அழற்சி வந்தாலோ, மூச்சை இழுக்கும்போதெல்லாம் சுருக்கென்று குத்தும். உதரவிதானத்தின் நடுப்பகுதியை மூடியுள்ள இடமாக இருந்தால் வலி தோளில் தெரியும். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே வார்டுக்கு வந்தவர்கள் உண்டு.

உள்ளே, வெளியே என்பது வெறும் சொல் பிரச்சினை அல்ல. நீரை எடுப்பதற்காக மேசைமேல் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்ததும், "நுரையீரலையே குத்துவாங்களா சிஸ்டர்?" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். இரத்தக் குழாய்களும் நரம்பும் ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடுவதால், ஊசியை எலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே செலுத்துவார்கள்; அது நீர் நிற்கும் இடைவெளியோடு நின்றுவிடும். வைக்கோல் நிறத்தில் நீர் இறங்கத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் பிடி தளரும்.

நுரையீரலுக்குள்ளேயே நீர் நிறைவது வேறு நோய். இதயம் தளரும்போது காற்றுப் பைகளில் அது நேரும். அங்கே இந்த ஊசிக்கு வேலையில்லை, நீர் பிரியும் மருந்துதான் கொடுப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு, காசநோயால் உறையில் நீர் கோத்த பெரியவருக்கு வீட்டார் குடிதண்ணீரை அளந்து கொடுத்து நாக்கு வறளவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தேவைப்பட்டது ஆறு மாத மாத்திரை. நீரை எடுத்ததும் மூச்சு இலகுவாகிவிட்டதால், அதையும் இரண்டாம் மாதமே நிறுத்தியிருந்தார்கள்.

அடுத்த இதழில் உறையின் படத்தோடு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர்.