எதன் வயது அது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் லெங்கோங் பள்ளத்தாக்கு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மலேசியாவில் நம் பேராக் மண்ணைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் பக்கம் வருவது அபூர்வம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் புக்கிட் பூனோவில் கிடைத்த கல் கைக்கோடரியை 'உலகின் முதல் கல் கருவி' என்று போட்டிருந்தது உறுத்துகிறது.

அதற்குச் சொல்லப்படும் வயது 18 லட்சத்து 30 ஆயிரம் ஆண்டு. கென்யாவின் லொமெக்வியில் கிடைத்து 2015இல் அறிவிக்கப்பட்ட கல் கருவிகளுக்கு 33 லட்சம். எத்தியோப்பியாவின் கோனாவில் கிடைத்தவற்றுக்கே 26 லட்சம் ஆகிறது.

அதை விடுங்கள். கோடரிக்குச் சொன்ன அந்த எண் எதன் வயது? கட்டுரை வந்த அன்று பேரன் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய் ஓரத்திலிருந்து பிளந்த கல் ஒன்றைக் கொண்டுவந்து, "தாத்தா, இது எத்தனை லட்ச வருஷம்?" என்று கேட்டான். கல் உருவான காலம் என்றால் கோடிக்கணக்கில் போகும். பிளந்தது போன வாரம் டிராக்டர் ஏறியதாலும் இருக்கலாம். அதனால்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருவியை விட்டுவிட்டு, அது கிடந்த மண்ணையும் மேலும் கீழும் படிந்த எரிமலைச் சாம்பலையும் அளக்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கருவிக் கற்களையே அளந்து 15 லட்சம் ஆண்டு என்றார்கள். சரி, அதுவும் கல் மண்ணில் புதைந்த காலம்தான்.

புக்கிட் பூனோவில் அளந்தது, விண்கல் மோதிய சூட்டில் உருகி உறைந்த பாறையை. கோடரி அதற்குள் சிக்கியிருப்பதால் அதைவிடப் பழையது என்பது வாதம். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பக்கத்திலேயே கல் கருவிகள் கிடைத்த கோத்தா தம்பானைப் பாருங்கள். முதலில் 31,000 ஆண்டு என்றார்கள். அங்குள்ள சாம்பல் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை கக்கியது என்றானதும் வயதும் 74,000 ஆகிவிட்டது. கல் என்னவோ கிடந்த இடத்திலேயேதான் கிடந்தது.

அப்புறம், உடைத்தது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. தாய்லாந்தின் தென்பகுதியில் நீள்வால் குரங்குகள் செம்பனைக் கொட்டையைக் கல்மேல் வைத்து இன்னொரு கல்லால் அடித்து உடைக்கின்றன. அடி தவறும்போது தெறிக்கும் சில்லுகள் ஆதிமனிதர் செதுக்கிய சில்லுகளைப் போலவே இருப்பதாக 2023இல் ஓர் ஆய்வு வந்தது. முப்பது வருஷம் தோட்டத்தில் வேலை பார்த்தேன். அதே இனக் குரங்குதான் இங்கும். ஒன்றுகூடக் கல்லைத் தொட்டுப் பார்த்ததில்லை. சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் தெரியும்.

உங்கள் தாளை வெட்டிப் பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அடுத்த முறை வயதைப் போடும்போது, எதை அளந்து சொன்னார்கள் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். பேரன் கொண்டுவந்த கல்லைப் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள் என் மனைவி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்