படிவத்தில் இன்னும் ஒரு பக்கம் வேண்டும்

சரும நோய்களையும் சர்க்கரை நோயின் பின்விளைவுகளையும் பற்றிய மருத்துவ ஆய்வுகளைத் திட்டமிடுபவர்களுக்கும், அவற்றுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு செவிலியர். பாதப் புண்களுக்குக் கட்டுப் போடுவதுதான் என் வேலையின் பெரும்பகுதி. சில வருடங்கள் மருத்துவ ஆய்வுகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதித் தரும் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புண்ணின் நீள அகலத்தை அளந்து, படம் எடுத்து, படிவத்தை நிரப்பும் ஆள் நான்.

அப்படி நான் நிரப்பிய ஒரு படிவம் இன்னும் மனதை உறுத்துகிறது. ஒரு பெரியவருக்குப் பாதத்தின் அடியில், கட்டை விரலுக்குச் சற்றுக் கீழே புண். 12வது வாரம் வந்தபோது தோல் முழுக்க மூடியிருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வரச் சொல்லிப் பார்த்தோம், அப்படியேதான் இருந்தது. ‘முழுமையாக ஆறியது’ என்ற கட்டத்தில் டிக் போட்டது என் கைதான். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஐந்து மாதம் கழித்து அதே இடத்தில், முன்பைவிட ஆழமான புண்ணோடு வந்தார். தொற்று எலும்பு வரை போயிருந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆய்வுக் குழுவுக்குச் சொன்னேன். அவருடைய பதிவு முடிந்துவிட்டது, இனி எதையும் சேர்க்கப் படிவத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. அந்த ஆய்வின் கணக்கில் அவர் இன்றைக்கும் குணமானவர்தான்.

இதில் யாரும் விதியை மீறவில்லை. விதியே அப்படி இருந்தது. விதியை எழுதுபவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கே நேராக எழுதுகிறேன்.

புண் ஆறியதாக எப்போது சொல்லலாம் என்பதற்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. தோல் முழுக்க மூட வேண்டும், கசிவு இருக்கக் கூடாது, கட்டுத் தேவைப்படக் கூடாது, இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். தெளிவான வரையறை, குறை சொல்ல ஒன்றுமில்லை. மூடிய பிறகு குறைந்தது 3 மாதம் நோயாளியைத் தொடர்ந்து பார்க்கவும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தப் பெரியவருக்குப் புண் திரும்பியது அந்த 3 மாதத்துக்கும் பிறகு.

அவர் மட்டுமா? பாதப் புண் ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள்ளும், சுமார் 65 சதவீதம் பேருக்கு ஐந்து வருடத்துக்குள்ளும் புண் திரும்பி வருகிறது. இது 2017இல் வெளியான ஒரு பெரிய தொகுப்புக் கட்டுரையில் உள்ள கணக்கு, நீங்கள் எல்லோரும் படித்ததுதான். இந்தத் துறையில் சிலர் ‘குணமானது’ என்ற சொல்லையே தவிர்த்து, புற்றுநோயில் சொல்வதுபோல ‘நோய் தணிந்திருக்கிறது’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. நோயாளியிடம் அப்படிச் சொன்னால் அவர் செருப்பைக் கவனமாகப் பார்த்து வாங்குகிறார். ‘ஆறிவிட்டது’ என்றால் பழைய செருப்புக்கே திரும்பிவிடுகிறார்.

புண் ஏன் திரும்புகிறது என்பதில் மர்மம் இல்லை. தோல் மூடியதே தவிர, அதை உடைத்த காரணம் ஒன்றும் மாறவில்லை. நரம்பு கெட்டதால் வலி தெரியாது. பாதத்தின் சின்னத் தசைகள் சோர்ந்து விரல்கள் பறவையின் நகம் மாதிரி வளைந்துவிடும், உடம்பின் பாரமெல்லாம் விரல்களுக்கு அடியில் உள்ள எலும்பு முனைகளில் இறங்கும். வியர்வையை நடத்தும் நரம்புகளும் போய்விடுவதால் தோல் காய்ந்து வெடிக்கும். சர்க்கரை ஒட்டியதால் கொலாஜன் என்ற நார்ப் புரதம் விறைத்து மூட்டுகள் மடங்காது. பாரம் விழும் இடத்தில் தோல் தடித்து, அந்தத் தடிப்புக்கு அடியில் இரத்தம் கசிந்து, வெளியே தெரியாமலே உள்ளே புண் ஆகும். இத்தனையும் 12வது வாரத்திலும் அப்படியேதான் இருக்கின்றன. வலி போனால் கால் எப்படிக் கெடும் என்பதைத் தொழுநோயாளிகளிடம் பார்த்துப் புரிந்துகொண்டவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் நடப்பது அதேதான் என்று அவர் எடுத்துச் சொன்ன பிறகுதான், பாரத்தைப் பரப்பித் தாங்கும் மாவுக்கட்டு இவர்களுக்கும் பரவலாக வந்தது.

நீண்ட நாள் தொடர்வதன் பலனை உங்கள் துறையே உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரை வைத்து 1983 முதல் 1993 வரை நடந்த டிசிசிடி ஆய்வைச் சொல்கிறேன். சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் தப்பும் என்று அது நிறுவியது. அதோடு கோப்பை மூடியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மூடவில்லை. அதே ஆட்களை எடிக் என்ற பெயரில் தொடர்ந்து பார்த்தார்கள். சில வருடங்களில், கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்கள், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் என்ற இரண்டு குழுக்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பின்விளைவுகள் குறைவாகவே இருந்தன. பழைய சர்க்கரையை உடம்பு நினைவில் வைத்திருக்கிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. அந்த ஆட்களை 1993இல் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

சரி, பாதப் புண்ணுக்கு எல்லோரையும் முப்பது வருடம் தொடர முடியாது. பணம் வேண்டும், ஆள் வேண்டும், தெரிகிறது. ஒரு வருடமாவது கேட்கிறேன்.

‘புண் எவ்வளவு வேகமாக மூடுகிறது’ என்பதை விட்டு, ‘திரும்பாமல் இருக்கிறதா’ என்று கேட்ட ஆய்வுகளும் உண்டு. 2007இல் வெளியான ஒன்றில் 173 பேர். ஒரு பிரிவினர் தினமும் இரண்டு பாதங்களின் வெப்பத்தையும் வீட்டிலேயே அளந்தார்கள். ஒரே இடத்தில் இரண்டு பாதத்துக்கும் வித்தியாசம் சுமார் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நடையைக் குறைத்துச் செவிலியரைக் கூப்பிட வேண்டும். 15 மாதத்தில் அவர்களில் 8.5 சதவீதம் பேருக்குத்தான் புண் வந்தது, மற்றவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு. பிறகு 304 பேரை 18 மாதம் தொடர்ந்த இன்னொரு ஆய்வு 2021இல் வெளியானது. அதில் அவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை, அதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். இரண்டையும் நான் மதிக்கிறேன். நோயாளி என்னிடம் கேட்கும் கேள்வியை இரண்டும் கேட்டிருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புண்ணின் மேல் விழும் பாரத்தைக் குறைக்கும், கழற்றக்கூடிய காலணி கொடுத்தால் நோயாளிகள் எவ்வளவு நேரம் போடுகிறார்கள் என்று 2003இல் 20 பேரிடம் அளந்து பார்த்தார்கள். அவர்கள் நடந்த நடையில் 28 சதவீதத்துக்குத்தான் அது காலில் இருந்திருக்கிறது. எனக்கு வியப்பாகவே இல்லை. இரவில் கழிவறைக்குப் போக எழுந்திருப்பவர் அத்தனை பட்டைகளையும் மாட்டிக்கொண்டா போவார்? உங்கள் மருந்தோ டிரெஸ்ஸிங்கோ தோற்றது என்று எழுதுவதற்கு முன்னால் காலணி காலில் இருந்ததா என்று பாருங்கள். வென்றது என்று எழுதும்போதும் அப்படித்தான்.

யாரைச் சேர்க்கிறீர்கள் என்பதும் இதோடு சேர்ந்ததே. இரத்த ஓட்டம் குறைந்தவர், டயாலிசிஸில் இருப்பவர், சர்க்கரை மிக அதிகமாக இருப்பவர் என்று தொடக்கத்திலேயே பலரை விலக்கிவிடுகிறீர்கள். என் டிரெஸ்ஸிங் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். நரம்பும் கெட்டு இரத்த ஓட்டமும் குறைந்த 240 பேரை வைத்தே ஒரு டிரெஸ்ஸிங்கைச் சோதித்து, 20 வாரத்தில் 48 சதவீதம் பேருக்கும் ஒப்பீட்டுக் குழுவில் 30 சதவீதம் பேருக்கும் புண் மூடியது என்று 2018இல் காட்டியிருக்கிறார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை.

பாதத்தை விட்டுச் சருமத்துக்கு வருகிறேன். எக்ஸிமா என்ற அரிப்புள்ள தோல் அழற்சி உள்ள குழந்தைகளின் குளியல் நீரில் ஊற்றும் மென்மையூட்டி எண்ணெய்கள் பயன் தருமா என்று 483 குழந்தைகளை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்து, சொல்லும்படியான பயன் இல்லை என்று 2018இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அவர்கள் அளந்த விதம். அரிப்பு எத்தனை நாள், தூக்கம் கெட்டது எத்தனை நாள் என்று பெற்றோரிடமே கேட்டார்கள். மருத்துவர் பார்த்துச் சிவப்புக்கு மதிப்பெண் போடும் முறைகளில் கருமையான தோல் உள்ள குழந்தைகளுக்கு நோய் குறைவாகத் தெரிந்துவிடுகிறது. அந்தத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது, ஊதாவாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருக்கும். அரிப்புக்கு நிறம் கிடையாது.

பால் பாக்டீரியாக்களின் நொதிகளைப் பற்றி ஆராய்பவர்களுக்கும் இந்த மடலில் இடம் வைத்திருக்கிறேன். யோகர்ட்டைப் புளிக்க வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸில் ஸ்ஃபிங்கோமைலினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஒரு கொழுப்பை உடைத்துச் செராமைடு ஆக்கும். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே ஈரம் போகாமல் அடைத்திருப்பது செராமைடு, எக்ஸிமா உள்ளவர்களிடம் குறைவாக இருப்பதும் அதுவே. இந்தப் பாக்டீரியா கலந்த கிரீமைத் தடவினால் தோலில் செராமைடு கூடுகிறது என்று 1999இல் காட்டினார்கள். 2003இல் எக்ஸிமா உள்ளவர்களிடம் தடவிப் பார்த்தபோது நோய்க்குறிகளும் குறைந்தன. அழகான யோசனை, படித்தபோது மகிழ்ந்தேன். அப்புறம் எண்ணிக்கையைப் பார்த்தேன்: 11 பேர், 2 வாரம். எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும் நோய். இரண்டு வாரத்தில் எது கிரீமின் வேலை, எது நோயின் போக்கு என்று எப்படிப் பிரிப்பது?

எல்லாவற்றுக்கும் வருடக்கணக்கு வேண்டும் என்று நான் வாதிடவில்லை. இதே பாக்டீரியாவும் அதன் கூட்டாளியான லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸும் தரும் பீட்டா கேலக்டோசிடேஸ் என்ற நொதி, பால் சர்க்கரையைச் சிறுகுடலில் உடைக்க உதவுகிறது. குடித்த சில மணி நேரத்தில் மூச்சில் ஹைட்ரஜனை அளந்து அதைத் தெரிந்துகொள்ளலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது, ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. விளைவு சில மணி நேரத்தில் வந்து போகிறது, ஆய்வும் சின்னதாக இருந்தால் போதும். எக்ஸிமா அப்படி இல்லை. 2001இல் ஃபின்லாந்தில் கர்ப்பிணிகளுக்கும் பிறகு குழந்தைகளுக்கும் லாக்டோபாசில்லஸ் ஜிஜி என்ற பாக்டீரியாவைக் கொடுத்ததில் இரண்டு வயதில் எக்ஸிமா 46 சதவீதத்திலிருந்து 23 ஆகப் பாதியானது. அந்தக் குழந்தைகளை ஏழு வயது வரை தொடரவும் செய்தார்கள். ஆனால் ஜெர்மனியில் அதே பாக்டீரியாவை வைத்துச் செய்த ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை என்று 2008இல் வந்தது. முதல் செய்தியைக் கேட்டு டப்பா வாங்கிய பெற்றோர் பலருக்கு இரண்டாவது செய்தி போய்ச் சேரவே இல்லை. அவர்களிடம் அதைச் சொல்லும் வேலை எங்களைப் போன்றவர்களுக்கு வந்தது.

நான் கேட்பது இதுதான். முடிவுக் கட்டம் நிரப்பப்பட்ட பிறகும் படிவத்தில் ஒரு பக்கம் வையுங்கள். பாதப் புண் என்றால் 52வது வாரத்தில் ஒரு பார்வை, வர முடியாதவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எக்ஸிமா என்றால் குறைந்தது ஒரு முழு வருடம், எல்லாப் பருவமும் தோல் மேல் போய் வரும்படி. அந்தப் பக்கத்துக்கான செலவைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் எழுதுங்கள். நெறிமுறைக் குழுவில் இருப்பவர்களே, அது இல்லாத திட்டம் வந்தால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

நிரப்ப நாங்கள் இருக்கிறோம். அந்தப் பெரியவரின் எண் இன்னும் என் நோட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை நானே கூப்பிட்டு மற்ற விரல்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்கிறேன். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். அனுப்பத்தான் இன்னும் முகவரி இல்லை.

இப்படிக்கு,
பாதப் புண்களுக்குக் கட்டுப் போடும் ஒரு செவிலியர்