பத்தரைக்குக் கிளம்பிடுவேன் மச்சான்

மச்சான்,

போன சனிக்கிழமை ராத்திரி நாம போர்டு கேம் ஆடிட்டு இருக்கறப்ப எனக்கு ஒரு போன் வந்துச்சே ஞாபகம் இருக்கா, "அய்யோ அப்படியா, இதோ வரேன்"னு மூஞ்சிய சீரியஸா வச்சுக்கிட்டு எழுந்து ஓடினேனே, அந்த போன்ல எதிர்ல ஆளே இல்லடா. அலாரம். நேர்ல சொன்னா நீ சிரிச்சே கொன்னுடுவ, அதான் எழுதறேன்.

கேம் பிடிக்கலன்னு இல்ல. மணி பன்னெண்டே முக்கால், மோனோபோலில எங்கிட்ட அடமானம் வைக்காம மிச்சம் இருந்தது ரெண்டு ரயில்வே ஸ்டேஷன்தான், தோக்கறது உறுதி, ஆனா சாகவும் விட மாட்டேங்கறீங்க. ஒவ்வொரு தடவையும் நான் திவால் ஆகப்போற நேரத்துல ஃப்ரீ பார்க்கிங்ல போய் நிக்கறேன், நடுவுல குவிச்சு வச்ச காச அள்ளிக் குடுத்து திரும்ப உயிரோட எழுப்பி விடறீங்க. ஒரிஜினல் ரூல்ஸ்ல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது மச்சான், அந்தக் கட்டத்துல சும்மா நின்னுட்டுப் போகணும், அவ்ளோதான். அப்புறம் ஒருத்தன் வந்து நிக்கற இடத்த வாங்கலன்னா பேங்க் உடனே ஏலம் விடணும், நாம என்னிக்காவது விட்டிருக்கோமா? இடம் சீக்கிரம் விக்காது, கட்டின அபராதமும் திரும்பி நம்ம கைக்கே வரும், அப்புறம் எவன் திவால் ஆவான், எப்படி முடியும். (எலிசபெத் மேகின்னு ஒரு அம்மா 1904ல பேட்டண்ட் வாங்கின கேம்தான் இதுக்கெல்லாம் மூலம், நிலத்த வச்சிருக்கறவன் மத்தவன எப்படி ஓட்டாண்டி ஆக்கறான்னு காட்டத்தான் அத பண்ணாங்க. நாலு மணி நேரமா ஒருத்தன் கூட ஓட்டாண்டி ஆகலன்னா நாம ஏதோ தப்பா விளையாடறோம்.)

அப்ப நேரா சொல்லிட்டுப் போயிருக்கலாமேன்னு கேப்ப. பாதில எழுந்தா மத்தவங்க ஆட்டமும் கெட்டுப்போகும்னு தெரியும்டா, அதான் வாய் வரல. கேட்டான்னு (Catan) ரோடு போட்டு ஆடற கேம்ல ஒருத்தன் பாதில போயிட்டா அவன் போட்ட ரோடு அப்படியே வழிய மறிச்சுக்கிட்டு கிடக்கும், பேரம் பேசவும் ஒரு ஆள் குறையும்.

அதனால இனிமே பொய் இல்ல. உள்ள நுழைஞ்சதும், பாக்ஸ் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: பத்தரைக்குக் கிளம்பிடுவேன். காரணம் கேக்காத, காரணம் சொன்னா நீ அதுக்கு ஒரு தீர்வு கண்டுபிடிப்ப, உன்னப்பத்தி எனக்குத் தெரியாதா. பெரிய கேம்னா என்ன ஆட்டத்துல சேக்காத, பேங்க் பாத்துக்கறேன், அத பாதில யார்கிட்ட குடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. பேண்டமிக் கேம் மாதிரி எல்லாரும் ஒரே கட்சியா ஆடறதுன்னா இன்னும் நல்லது, என் கார்ட பக்கத்துல இருக்கறவன் கைல குடுத்துட்டு எழுந்துக்கலாம். இல்ல டிக்கெட் டு ரைடுன்னு அந்த ரயில் கேம் போடு, எவன்கிட்டயாவது ரயில் ரெண்டோ அதுக்கும் கம்மியாவோ வந்துட்டா ஆளுக்கு ஒரு டர்ன், ஆட்டம் முடிஞ்சுது, யாரும் கெஞ்ச வேண்டாம். மோனோபோலியேதான் வேணும்னு அடம் பிடிச்சா முன்னாடியே ஒரு டைம் பேசி வச்சுக்கிட்டு, அந்த நேரத்துல யார்கிட்ட சொத்து அதிகமோ அவன் ஜெயிச்சான்னு முடிச்சுக்கலாம்.

பாக்ஸ்ல போட்டிருக்கற டைம மட்டும் காட்டாத, அது ரூல்ஸ் தெரிஞ்சவங்களுக்கு. நம்ம கூட்டத்துல ரூல்ஸ் சொல்லி முடிக்கவே அரை மணி நேரம், சொல்றப்ப போன் நோண்டிட்டு அப்புறம் நடுவுல சந்தேகம் கேக்கறவன் வேற (சரி, அது நான்தான்).

உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். நான் எழுந்தா "இன்னும் ஒரே ரவுண்டு"ன்னு பைய புடிச்சு இழுக்காத. பதிலுக்கு நானும் வாசப்படில நின்னு அரை மணி நேரம் கதை பேச மாட்டேன், பை சொன்னா பைதான்.

ஆமா, அந்த ரெண்டு ஸ்டேஷன் என்னாச்சு? பேங்க் ஏலம் விட்டுச்சா, இல்ல நீயே அமுக்கிட்டியா?