எட்டாம் நம்பர் சீட்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் நடக்கிறார்கள் என்று நீ எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். எல்லோருக்கும் நிம்மதி. மாடிப்படிப் பக்கம் மட்டும் இப்போதைக்கு விடாதே, முட்டி ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தைரியம்தான் முதலில் திரும்பி வரும்.

கடைசிப் பக்கத்தில் உன் ப்ராஜெக்ட் பசங்க சங்கதி எழுதியிருந்தாயே: பைத்தான் மொழியில் கட்டிய மேட்ரிக்ஸை (எண்களை அடுக்கிய கட்டம்) ஃபோர்ட்ரான் என்ற பழைய மொழியின் சப்ரூட்டீனுக்கு அனுப்புகிறார்கள், விடை தப்பாக வருகிறது, குறுக்கே போகும் நிரையை நெடுக்கே போகும் நிரலாகத் திருப்பிப் போட்டு அனுப்பினாலும் அதே தப்பு விடை, ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று. இதற்குப் பதில் இரண்டு வரிதான். ஆனால் அந்த இரண்டு வரிக்கு நான் மூன்று வாரம் கொடுத்திருக்கிறேன். அதனால் கதையை முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஆபீஸில் ஒரு பழைய புரோகிராம் இருக்கிறது. ஃபோர்ட்ரான் 77. எல்லாம் பெரிய எழுத்து, ஒவ்வொரு வரியிலும் முதல் ஆறு கட்டம் காலி. டர்பைன் நிற்கிற காங்கிரீட் அஸ்திவாரத்தின் அதிர்வைக் கணக்குப் போடுவது அதன் வேலை. எழுதியவர் ரிட்டையர் ஆகிவிட்டார். புதிதாக வருகிற பசங்க எல்லோரும் பைத்தான். சரி, பழையதைத் தூக்கிப் போடாமல் இரண்டையும் கோர்த்துவிடலாம் என்று நானே உட்கார்ந்தேன். பைத்தானில் மேட்ரிக்ஸை வைத்திருக்கும் நம்பை அரே, நடுவில் பாலமாகச் சிடைப்ஸ், அந்தப் பக்கம் ஃபோர்ட்ரான். மேட்ரிக்ஸ் தொடங்குகிற மெமரி முகவரியையும் அதன் அளவையும் கொடுத்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்டது! பழைய ஃபைல்களில் இருந்த அத்தனை கட்டடக் கணக்கையும் ஓட்டினேன், கடைசி தசமம் வரைக்கும் ஒத்துப்போனது. டீ வாங்கிக் கொடுத்தேன், எல்லோருக்கும்.

அப்புறம் ஒரு வேலையில் சுழலும் ரோட்டாரையும் மாடலில் சேர்க்க வேண்டி வந்தது. நிமிஷத்துக்கு 3000 சுற்று. ரோட்டார் சுற்றும்போது அதன் அச்சு தானும் ஒரு சின்ன வட்டம் போடும். அந்த வட்டம் ரோட்டார் சுற்றும் திசையிலேயே போனால் முன்சுழல், எதிரே போனால் பின்சுழல். வேகம் ஏற ஏற முன்சுழலின் அதிர்வெண் ஏறும், பின்சுழலுடையது இறங்கும். புத்தகத்தில் உள்ள உதாரணத்தை ஓட்டிப் பார்த்தேன். அதிர்வெண்கள் அச்சு அசலாக வந்தன. ரிப்போர்ட் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

எங்களிடம் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண், அசைவு வடிவத்தை (மோடு என்போம்) திரையில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். "சார், வேகம் ஏற ஏற அதிர்வெண் ஏறுதே, அந்த மோடு எதிர்ப்பக்கமா சுத்துது சார்."

அச்சுகளின் குறியில் தப்பு இருக்கும் என்று சொல்லிவிட்டேன். வலதுகை விதி, எக்ஸ் எந்தப் பக்கம், இசட் எந்தப் பக்கம் என்று கட்டைவிரலை நீட்டியபடியே மூன்று வாரம் போயிற்று. கடைசியில் அவள்தான் சொன்னாள், பெரிய மேட்ரிக்ஸை விட்டுவிட்டு இரண்டு நிரை மூன்று நிரல் உள்ள குட்டி மேட்ரிக்ஸ் ஒன்றை அனுப்பிப் பார்க்கலாம் என்று. ஒவ்வொரு கட்டத்திலும் அது எத்தனையாம் நிரை, எத்தனையாம் நிரல் என்பதையே எண்ணாகப் போட்டோம். முதல் நிரை 11, 12, 13. இரண்டாம் நிரை 21, 22, 23. ஃபோர்ட்ரானுக்குள் போனதும் அச்சடித்துப் பார்த்தால்:

11 13 22
12 21 23

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. மூன்றாம் செமஸ்டர் பரீட்சை ஹால், மறந்திருக்க மாட்டாய். அறைக்கு 25 பேர், ஐந்துக்கு ஐந்து. நம்பர் முன்னிருந்து பின்னாக, ஒரு வரிசை முடிந்த பிறகு பக்கத்து வரிசை என்று போகும். ஒரு வரிசை சிவில் என்றால் அடுத்தது மெக்கானிக்கல். நாம் இருவரும் லேட். கதவில் ஒட்டிய நம்பரை மட்டும் பார்த்துவிட்டு ஓடிப்போய்க் குறுக்குவாட்டில் எண்ணி உட்கார்ந்தோம். எனக்கு 7, உனக்கு 8. குறுக்கே எண்ணினாலும் நெடுக்கே எண்ணினாலும் 7 ஒரே இடம்தான், இரண்டாம் நிரை இரண்டாம் நிரல். நான் எண்ணியது தப்பு, உட்கார்ந்தது சரி. உனக்கு அப்படி இல்லை. மெக்கானிக்கல்காரன் ஒருவனின் 12-ஆம் நம்பர் சீட்டில் உட்கார்ந்து, அவனுடைய தெர்மோடைனமிக்ஸ் பேப்பரைப் பத்து நிமிஷம் முறைத்துக்கொண்டிருந்தாய்.

அதேதான் இங்கேயும். மெமரியில் மேட்ரிக்ஸ் என்று ஒன்று கிடையாது. நீளமாக ஒரே வரிசையில் எண்கள் கிடக்கின்றன, அவ்வளவுதான். சி மொழியும், சொல்லாவிட்டால் நம்பையும், அதை நிரை நிரையாக மடிக்கும். ஃபோர்ட்ரான் நிரல் நிரலாக மடிக்கும். ஜான் பேக்கஸ் குழு ஐபிஎம் 704-க்காக 1957-இல் வெளியிட்ட மொழி அது. சி வந்தது 1970-களில், அது தன் வழியைப் பார்த்துக்கொண்டது. முதல் மேட்லாப் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது என்பதால் அதுவும் நிரல் கட்சி. ஆர், ஜூலியா எல்லாம் அந்தப் பக்கம்தான். (தமிழ் மீடியம் பிளஸ் டூவில் நிரை எது நிரல் எது என்று கடைசி நாள் வரைக்கும் குழம்பினோமே, அந்தக் குழப்பம் கம்ப்யூட்டருக்கே இருக்கிறது.)

இப்போது, முதல் டெஸ்டுகள் ஏன் பாஸ் ஆயின? கட்டடத்தின் விறைப்பு மேட்ரிக்ஸ் சமச்சீரானது. இங்கே ஒரு டன் வைத்தால் அங்கே எவ்வளவு அசையுமோ, அங்கே வைத்தாலும் இங்கே அவ்வளவே அசையும். மேக்ஸ்வெல் விதி, நீயே பாடம் எடுக்கிறாய். குறுக்கே படித்தாலும் நெடுக்கே படித்தாலும் அது ஒன்றுதான். மேட்ரிக்ஸ் முழுவதுமே 7-ஆம் நம்பர் சீட் என்று வைத்துக்கொள். ரோட்டார் சேர்த்ததும் வந்த கைரோ மேட்ரிக்ஸ் அப்படி இல்லை, அது எதிர் சமச்சீர். திருப்பிப் போட்டால் ஒவ்வொரு எண்ணின் குறியும் மாறும். அதாவது என் புரோகிராம் ரோட்டாரை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டிருக்கிறது! அதிர்வெண் மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்கிறாயா? நிறை (மாஸ்), விறைப்பு இரண்டும் சமச்சீர், கைரோ மட்டும் திரும்பியிருக்கிறது என்றால் மொத்தச் சமன்பாடே திரும்பியதாக ஆகிறது. திருப்பிப் போட்டால், அதிர்வெண்ணைக் கொடுக்கும் டிட்டர்மினன்ட் மாறாது, ஆகவே அதிர்வெண்ணும் மாறாது. திசை மட்டும் மாறும். நான் சரிபார்த்தது அத்தனையும் மாறாதவற்றை. மாறியதைப் பார்த்தது அந்தப் பெண் ஒருத்திதான். அடுத்த டீ அவளுக்கு மட்டும், கூடவே ஒரு மெதுவடை.

உன் பசங்க விஷயத்துக்கு வருகிறேன். நம்பையில் திருப்பிப் போடு என்றால் அது ஒரு எண்ணைக்கூட நகர்த்தாது. ஆயிரத்துக்கு ஆயிரம் மேட்ரிக்ஸ், ஒரு எண்ணுக்கு 8 பைட், மொத்தம் 8 எம்பி. அடுத்த நிரைக்கு 8000 பைட் தாண்டு, அடுத்த நிரலுக்கு 8 பைட் தாண்டு என்று தனியாக ஒரு குறிப்பு வைத்திருக்கும். திருப்பச் சொன்னால் அந்த இரண்டு எண்ணையும் இடம் மாற்றி எழுதிக்கொள்ளும், வேலை முடிந்தது. பசங்க ஃபோர்ட்ரானுக்குக் கொடுப்பது முகவரியை மட்டும். குறிப்பு பைத்தான் பக்கமே நின்றுவிடுகிறது. அதனால்தான் எப்படித் திருப்பினாலும் அங்கே அதே பைட்டுகள், அதே விடை. மேட்ரிக்ஸை உருவாக்கும்போதே ஆர்டர் எஃப் என்று சொல்லிவிடச் சொல். ஏற்கெனவே உருவாகிவிட்டது என்றால் ஆஸ்ஃபோர்ட்ரான்அரே போட்டால் எண்களை நிஜமாகவே இடம் மாற்றி ஒரு நகல் கொடுக்கும்.

நான் இப்போது சிடைப்ஸை விட்டுவிட்டு, ஃபோர்ட்ரானைப் பைத்தானோடு கோர்ப்பதற்கென்றே இருக்கும் எஃப்டுபைக்கு மாறிவிட்டேன். அடுக்கு சரியில்லை என்றால் அதுவே நகல் எடுத்துக்கொள்கிறது. ஆனால் சத்தமில்லாமல் எடுக்கும், அதுதான் எனக்குப் பிடிக்காத குணம். பத்தாயிரத்துக்குப் பத்தாயிரம் என்றால் 800 எம்பி, நகல் இன்னொரு 800. அதோடு, உள்ளே மட்டும் வரும் என்று அறிவித்த அரேயில் சப்ரூட்டீன் ஏதாவது எழுதினால் அது நகலோடு போய்ச் சேரும், உன் கைக்கு வராது. இன்அவுட் என்று அறிவித்தால் நகல் எடுக்காமல் எர்ரர் கொடுத்து நிற்கும். நான் எர்ரர் கட்சி. கத்துகிற புரோகிராம் நல்ல புரோகிராம்.

எதற்கு வம்பு, சிஎஸ்வி ஃபைலில் எழுதிப் படித்துக்கொள்ளலாம் என்று உன் எச்ஓடி சொன்னாராமே. செய்யலாம், சின்னக் கணக்குக்கு. 17 இலக்கம் எழுதினால்தான் எழுதியது அப்படியே திரும்பி வரும். பசங்க ஆறோடு நிறுத்துவார்கள். ஃபைல்தான் வேண்டும் என்றால் நம்பையின் என்பிஒய் ஃபைலைப் பிரித்துக் காட்டு. தலைப்பிலேயே, இது ஃபோர்ட்ரான் அடுக்கா இல்லையா என்று எழுதி வைத்திருக்கும். ஹால் கதவில் எந்தப் பக்கமாக எண்ண வேண்டும் என்று அம்புக்குறி போட்ட மாதிரி.

பசங்களை முதலில் அந்த 11, 12, 13 மேட்ரிக்ஸை அனுப்பி, வந்ததை அச்சடிக்கச் சொல். 11 13 22 என்று வந்தால் எனக்குப் போன் பண்ணாதே, மேலே எழுதியதே போதும். முதல் நிரை 11 12 13 என்று சரியாக வந்து இரண்டாம் நிரை முழுக்கப் பூஜ்யமாக வந்தால், பைத்தான் 8 பைட் முழு எண் அனுப்புகிறது, ஃபோர்ட்ரான் 4 பைட்டாகப் படிக்கிறது என்று அர்த்தம். வேறு ஏதாவது வந்தால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, பத்து மணிக்கு மேல்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
ஏழாம் நம்பர்