தோஹாவில் இருக்கும் என் மகனுக்கு

அன்புள்ள மகன்,

நாங்கள் இங்கே சுகம். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்துவிட்டது. மெசினுக்கும் கூலிக்கும் கொடுத்து மிஞ்சின கணக்கைத் தங்கச்சி சொல்லுவாள். நான் எழுத வந்தது வேற விசயம். போனில் தொடங்கினால் "டியூட்டியில நிற்கிறன் அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கொப்பித் தாளில் எழுதி, தங்கச்சியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

போன கிழமை என்னோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவனை ஏசினாய். போனைப் பொத்தியிருந்தாயாக்கும், எனக்கு எல்லாம் கேட்டது. "காப்பிலி" என்றாய். பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டே, "கென்யாக்காரன் அம்மா, இவனுகளுக்கு இப்படிச் சொன்னாத்தான் விளங்கும்" என்றாய். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, மனே.

நீ சின்னப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான் குவைத்துக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள் வேலை செய்தோம். ஒருத்தி பிலிப்பைன்ஸ், ஒருத்தி எத்தியோப்பியா, மற்றது நான். விடிய பாங்கு சொல்லமுன் எழும்பினால் நடுச்சாமம்வரை மூன்று பேருக்கும் ஒரே வேலைதான். ஆனால் சம்பளம் மூன்று விதம். தன் நாட்டுப் பெண்களுக்கு 400 டொலருக்குக் குறையக் கூடாது என்று பிலிப்பைன்ஸ் அரசாங்கம் 2006இல் அறிவித்திருந்தது. எனக்கு அதைவிடக் குறைவு. எத்தியோப்பியப் பிள்ளைக்கு என்னைவிடவும் குறைவு. யார் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டின் மட்டையைப் பார்த்துத்தான் விலை போட்டார்கள்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை இருந்தது. மாறிப்போய்விடக் கூடாது என்று மெடம் அதன் அடியில் சிவப்புக் கியூட்டெக்ஸால் ஒரு கோடு போட்டு, சிங்கிற்குக் கீழே சவர்க்காரத் தூள் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தா. என் கோப்பை மேலே அலுமாரியில் இருந்தது. "நீ அவளைப் போல இல்லை, நீ துப்புரவானவள்" என்று மெடம் என்னிடம் சொல்லுவா. அப்படிச் சொல்லிச் சொல்லியே என் சம்பளத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தா. இதை நீ நன்றாக யோசிக்கவேணும். கீழே ஒருத்தியைக் காட்டி "நீ அவளைவிட மேல்" என்று சொல்லிவிட்டால், கையில் தரவேண்டிய காசைக் கேட்கும் வாய் அடைபட்டுப் போகிறது. உனக்கும் அங்கே அதைத்தான் செய்கிறார்கள்.

நிறவெறி என்றால் வெள்ளைக்காரனின் நாட்டுச் சங்கதி என்றுதான் நம்ம சனம் நினைக்குது. லண்டனில் இருக்கிற மாமாவை பஸ்ஸில் யாரோ ஏசினதை ஊரெல்லாம் கதைத்தோம். 2020இல் லெபனானின் பெய்ரூத்தில் வீட்டு வேலைக்கு வந்த எத்தியோப்பியப் பெண்களை அவர்களின் துணைத் தூதரக வாசலில் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போன முதலாளிமார் வெள்ளைக்காரர் இல்லை. தென்னாபிரிக்காவில் 2008இல் மொசாம்பிக்கில் இருந்தும் சிம்பாப்வேயில் இருந்தும் பிழைக்க வந்தவர்களைத் தேடி அடித்தும் கொளுத்தியும், உள்ளூர்க்காரரும் சேர்த்து 60 பேருக்கு மேல் கொன்றதும் வெள்ளைக்காரர் இல்லை. நீ இருக்கும் கட்டாருக்கு ஐ.நா.வின் இனவாதம் பற்றிய விசேட அறிக்கையாளர் டெண்டாயி அச்சியுமே 2019 கடைசியில் போய்ப் பார்த்தார். எந்த நாட்டில் இருந்து வந்தவர் என்பதை வைத்து நடைமுறையில் ஒரு சாதிமுறையே அங்கே இருக்கிறது என்று அடுத்த வருசம் அறிக்கையில் எழுதினார். வெளிநாடு போய்த் திரும்பின பெண்களின் சங்கத்தில் ஒரு சட்டத்தரணிப் பிள்ளை இதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்.

உனக்கும் இது புதிதில்லை. போன புதிதில், வெள்ளிக்கிழமை குடும்பக்காரருக்கு மட்டும்தான் என்று ஒரு மோல் வாசலில் உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். குளித்து வெளிக்கிட்டுப் போயும் விடவில்லை என்று அழாத குறையாகச் சொன்னாய். வாசலில் நின்ற காவலாளியும் ஒரு ஆபிரிக்கன் என்றாய். அவனைத்தான் ஏசினாய். உள்ளே விடாதே என்று கட்டளை போட்டவனைப் பற்றி உன் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை.

நம்ம ஊரும் இதில் சுத்தம் இல்லை. மட்டக்களப்பு டவுன் வீடுகளில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வேலைக்கு வைத்தார்கள். வேற கோப்பை, வேற பாய், "தோட்டக்காட்டாள்" என்ற பட்டம். அவர்களும் தமிழ்தான் கதைத்தார்கள், அதே அம்மனைத்தான் கும்பிட்டார்கள். இந்த நாட்டில் 1948இல் சட்டம் போட்டு அந்தச் சனத்தின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். அந்த விவகாரத்தில்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸில் இருந்து பிரிந்துபோய் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்தக் கட்சிக்குத் தலைமுறையாக வோட்டுப் போட்ட வீடுகளிலேயே அந்தப் பிள்ளைகள் குசினித் தரையில் படுத்தார்கள். சிங்களவன் எங்களை இப்படி நடத்துகிறான் என்று வாய் கிழியக் கதைக்கிற நாங்கள் அதைக் கண்டும் காணாமல் இருந்தோம். நினைக்க நெஞ்சு எரியுது.

நீ இப்போது சுப்பர்வைசர். உன்னை ஊரில் எல்லாரும் மெச்சுகிறார்கள், எனக்கும் பெருமைதான். அதனால்தான் கேட்கிறேன். உன் கீழே நிற்கிறவர்களின் பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்குதா, கம்பனி லாச்சியில் இருக்குதா? 2021 மார்ச்சில் இருந்து எந்த நாட்டுக்காரனுக்கும் அடிப்படைச் சம்பளம் 1000 ரியாலுக்குக் குறையக் கூடாது என்பது அங்கே சட்டம். சாப்பாடு கொடுக்காவிட்டால் 300, தங்க இடம் கொடுக்காவிட்டால் 500 மேலதிகமாகக் கொடுக்கவேணும். அந்தக் கென்யாப் பெடியனுக்கு அது சரியாக விழுகுதா என்று பார். ஜூன் 1இல் இருந்து செப்டெம்பர் 15வரை காலை 10 மணியில் இருந்து பின்னேரம் மூன்றரைவரை வெளி வெயிலில் வேலை வாங்கவும் கூடாது. டியூட்டி லிஸ்ட் எழுதுவது நீதானே. நம்ம பெடியன்களை ஏ.சி. போட்ட இடத்துக்கும் கறுப்புப் பெடியன்களைக் கார்ப் பார்க்குக்கும் போட்டு எழுதாதே.

கம்பனியை நீ ஒருவனாக நின்று மாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. உன் வேலை போனால் தங்கச்சியின் படிப்பும் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் வாயும் அந்த லிஸ்ட்டும் உன்னுடையவை.

அவனிடம் மன்னிப்புக் கேள். மற்றப் பெடியன்களுக்கு முன்னால்தானே ஏசினாய், அவர்களுக்கு முன்னாலேயே கேள். கேட்ட பிறகு எனக்கு ஒரு கோல் எடு.

இப்படிக்கு,
அம்மா
சந்திவெளி