தொழுவமும் அந்த வீடுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரை, டெவன் மாவட்டத்து டார்ட்மூர் மேட்டு நிலத்தின் கருங்கல் பண்ணை வீடுகளைப் பற்றி ஒரே ஒரு பத்தியில் பேசுகிறது. அதிலும், ‘வறுமையால் மாட்டோடு மாடாக வாழ்ந்தவர்கள்’ என்று எழுதியிருந்ததைப் படித்தபோது மனம் பொறுக்கவில்லை.

முப்பது வருடம் கட்டட வேலை பார்த்தவன் நான். மகள் அதே டெவனில் எக்சிட்டர் நகரில் இருப்பதால், பவுண்ட்ஸ்கேட் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஹையர் அப்பகாட் வீட்டைப் போய்ப் பார்த்திருக்கிறேன். 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வீடு. டார்ட்மூர் தேசியப் பூங்கா நிர்வாகம் அதை நீண்ட காலம் பராமரித்தது.

இவ்வகை வீட்டை அங்கே ‘லாங்ஹவுஸ்’ என்கிறார்கள். வீடும் தொழுவமும் ஒரே கூரையின் கீழ், ஒரே நீளமாக, மலைச்சரிவோடு சேர்ந்து இறங்கும். வாசலும் ஒன்றுதான். உள்ளே வந்ததும் குறுக்கே ஒரு ரேழி. மனிதர்கள் மேட்டுப் பக்கம் திரும்புவார்கள், மாடுகள் பள்ளத்துப் பக்கம் போகும். தொழுவத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு வடிகால் ஓடிக் கீழ்ச்சுவரின் அடியில் வெளியேறும். ஒரு சொட்டுக் கோமியம்கூட வீட்டுப் பக்கம் திரும்ப வழியில்லை. வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு, பார்த்தே கட்டடத்தை எடைபோட்டுப் பழகியவன் நான். அந்த வடிகால் முன் வெகுநேரம் நின்றேன். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே வாட்டத்தையும் முடிவுசெய்துவிட்டார்கள்!

அந்த மேட்டு நிலத்துக் குளிர்காலம் கொடியது. கதவைத் திறந்து வெளியே போகாமலே மாட்டுக்குத் தீனி போடலாம், கன்று ஈனும் பசுவைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். தொழுவத்தின் மேலே வைக்கோல் பரண். மாடுகளின் உடல் சூடும் வீட்டுக்கே. சுவர்க் கல்லுக்காகப் பாறையைத் தோண்டவும் வேண்டியிருக்கவில்லை; பெரும்பாலும் மேய்ச்சல் நிலத்தில் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கி அடுக்கினார்கள். புகைபோக்கியெல்லாம் பின்னால் வந்தவை. ஆரம்பத்தில் கூடத்தின் நடுவே அடுப்பு. புகை கூரை வழியாகவே கசிந்து போனது. அந்தப் பழைய கரி படிந்த உத்திரங்களைச் சில வீடுகளில் இன்றும் காணலாம்.

டார்ட்மூரில் இப்படிப்பட்ட வீடுகள் பல எஞ்சியிருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றில் தொழுவம் எப்போதோ சமையலறையாகவோ படுக்கையறையாகவோ மாறிவிட்டது. ஹையர் அப்பகாட்டில் அது தொழுவமாகவே நிற்கிறது. அதை மாற்றியிருந்தால் ஏன் ஒரே வாசல், ஏன் இந்தச் சரிவு என்று எவருக்கும் புரியாது. பாதி வீட்டை இடித்ததற்குச் சமம் அது.

கட்டுரையோடு வந்த மூன்று படங்களும் வீட்டின் முகப்பு மட்டுமே. தொழுவத்தின் உட்புறப் படம் ஒன்றையாவது, அந்த வடிகால் தெரியும்படி, அடுத்த இதழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

— ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், திருச்சி