உடலை வாங்குவதற்கு முன்

அன்புள்ள தோழருக்கு,

வணக்கம். நாம் வக்காலத்துப் போட்டிருக்கும் அரசியல் கைதி சிறையில் இறந்துபோனால் முதலில் எங்கே ஓடுவது என்று கேட்டிருந்தீர்கள். பிணவறைக்குக் குடும்பத்தாரும் நண்பர்களும் போகட்டும். நீங்கள் காகிதங்களைத் தேடிப் போங்கள்.

ஏன் என்பதற்கு ஸ்டேன் சுவாமியின் வழக்கு ஒன்று போதும். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த அந்த 83 வயதுப் பாதிரியாரை 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) கைது செய்தது. அடைத்தது நவி மும்பையின் தலோஜா சிறையில். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். தம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. உறிஞ்சுகுழல் கேட்டு நவம்பர் 6 அன்று மனுப் போட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. கேட்ட அவகாசம் 20 நாள். மருத்துவக் காரணத்துக்கான ஜாமீன் ஏற்கெனவே தள்ளுபடி. 2021 மார்ச்சில் வழக்கமான ஜாமீனும் இல்லை என்றானது. சிறைக்கு வரும்போது தானே நடந்தேன், குளித்தேன், சாப்பிட்டேன், இப்போது ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்று மே 21 அன்று காணொளியில் நீதிபதிகளிடமே சொன்னார். ஒரு வாரம் கழித்துத்தான் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் தனியார் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே கொரோனா தொற்று உறுதியானது. ஜூலை 5 பகலில் இறந்தார். அன்று பிற்பகல் ஜாமீன் விசாரணைக்கு அமர்ந்த நீதிபதிகளுக்குக் கிடைத்தது மரணச் செய்தி.

இறப்புச் சான்றில் இருப்பது அந்தக் கடைசி நாள் மட்டும்தான். முந்தைய ஒன்பது மாதங்கள் பதிவேடுகளில் கிடக்கின்றன. அவர்மேல் போட்டதுபோன்ற ஊபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்கில் 43டி(5) பிரிவு ஜாமீனை அடைத்துவிடுகிறது, விசாரணையும் தொடங்குவதில்லை. ஆகவே அந்தக் கைதிக்கு வாய்த்த ஒரே மருத்துவர் சிறை மருத்துவர்தான், ஒரே சாட்சியம் அவர் எழுதியதுதான்.

என்னென்ன கேட்க வேண்டும்? சிறைக்குள் நுழைந்த அன்று செய்த மருத்துவப் பரிசோதனைப் படிவம். அதில் எடை இருக்கும், பழைய நோய்கள் இருக்கும். சிறை மருத்துவமனையின் புறநோயாளிப் பதிவேடு. மருந்து வழங்கிய கணக்கு. எல்லாவற்றையும்விட முக்கியமானது வெளி மருத்துவமனைக்கு எழுதிய பரிந்துரைச் சீட்டு. சீட்டில் ஒரு தேதி இருக்கும், கைதியை உண்மையில் அழைத்துப்போன தேதி வேறாக இருக்கும். நடுவில் உள்ள இடைவெளிக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: வழிக்காவலுக்கு ஆயுதப்படை போலீஸ் கிடைக்கவில்லை. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால் பாதி வழக்கு தானே நிற்கும். கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிச் சிறைக் கண்காணிப்பாளருக்கு அன்று மாலையே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பழையதன்மேல் புதியது பதிவாகிவிட்டால் பிறகு எந்த நீதிமன்றமும் அதை மீட்டுத்தர முடியாது.

அடுத்தது விசாரணை. நீதிமன்றக் காவலில் இருப்பவர் எங்கே இறந்தாலும், மருத்துவமனைக் கட்டிலில் இறந்தாலும், நீதித்துறை நடுவர்தான் (மாஜிஸ்திரேட்) விசாரிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176(1ஏ), அதன் இடத்தில் வந்திருக்கும் இப்போதைய பி.என்.எஸ்.எஸ்.ஸில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 196(2). இயற்கை மரணம்தானே என்று சொல்லி வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணையோடு முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். இயற்கையா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தானே விசாரணை! கோட்டாட்சியர் அழைத்தால் குடும்பத்தார் அவசரப்பட்டு வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டாம். நடுவர் விசாரணை கோரும் மனுவை முதலில் கொடுக்கட்டும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், துணைவர் விசாரணையில் உடனிருக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது.

பிணக்கூறாய்வில்தான் (போஸ்ட்மார்ட்டம்) அதிகம் கோட்டை விடுகிறோம். காவல் மரணங்களில் அதை வீடியோ எடுக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1995இலேயே சொல்லியிருக்கிறது. வீடியோ எடுப்பார்கள், பல நேரம் மேசையின் ஒரே பக்கத்திலிருந்து. முதுகு, பிட்டம், உள்ளங்கால் ஆகியவற்றைத் தோலைக் கீறிப் பார்க்கச் சொல்லி மனுவில் பெயர் குறிப்பிட்டே எழுதுங்கள். தோலுக்கு அடியில் ஆழமாக உள்ள கன்றல் வெளியே தெரியாது. மேலோட்டமாகப் பார்த்தால், இறந்தபின் உடலின் கீழ்ப்பக்கம் இரத்தம் தேங்கி வரும் நீலம்கூடக் கன்றல் போலவே இருக்கும். கீறினால்தான் வேறுபாடு விளங்கும். சில காயங்கள் ஒரு நாள் கழித்துத்தான் மேலே தெளியும். அதனால்தான் மறுநாளும் ஒருமுறை உடலைப் பார்க்க அனுமதி கேட்பது.

மாதிரிகளைப் பற்றி ஒரு சொல். இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் இரசாயனப் பரிசோதனைக்குப் போகும். வழக்கமாக அவற்றைச் செறிவான உப்புக் கரைசலில் வைப்பார்கள். இதயம், நுரையீரல், மூளைத் துண்டுகள் திசு ஆய்வுக்கு. அவை 10 சதவீத ஃபார்மலினில் இருக்க வேண்டும். பாட்டில் மாறினால் இரண்டும் பாழ். சிறையில் சிகிச்சை இல்லாமல் இறந்தவருக்குத் திசு ஆய்வுதான் உயிர்நாடி, ஏனென்றால் எத்தனை நாளாக நுரையீரல் கெட்டிருந்தது, இதயத்தசையின் தழும்பு பழையதா புதியதா என்பதை அதுதான் சொல்லும். விஷம் இல்லை என்று வரும் இரசாயன அறிக்கை இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. பிணக்கூறாய்வுக்கு முன் எம்பாமிங் (உடல் கெடாதிருக்க இரசாயனம் ஏற்றுவது) செய்ய யாரையும் விடாதீர்கள்.

உடலை வாங்க மாட்டோம் என்று சொல்வதைப் பற்றியும் கேட்டீர்கள். பெரியார் நடத்திய அரசியல் சாசன எரிப்புப் போராட்டத்தில் சிறைப்பட்ட பட்டுக்கோட்டை இராமசாமி, மணல்மேடு வெள்ளைச்சாமி இருவரும் 1958இல் இறந்தபோது உடலைப் பெறவே மணியம்மையார் போராட வேண்டியிருந்தது. அன்று வாங்குவதற்குப் போராட்டம், இன்று வாங்காமலிருப்பது போராட்டம். மறுக்கலாம், தவறில்லை; ஆனால் என்ன கிடைத்தால் வாங்குவோம் என்று எழுத்தில் இரண்டு மூன்று வரி இருக்கட்டும்: கூறாய்வு அறிக்கை, வீடியோவின் நகல், நடுவர் விசாரணை உத்தரவு. நிபந்தனை தெளிவாக இல்லாமல் நாட்கள் போனால் குடும்பம் களைத்துவிடும், மூன்றாம் நாள் அதிகாரிகள் தனியாக அண்ணனையோ மாமனையோ பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அறிக்கையில் ஐயம் இருந்து மறு கூறாய்வு கேட்பதென்றால் அடக்கத்துக்கு முன்பே உயர் நீதிமன்றம் போங்கள். புதைத்தால் தோண்டலாம், எரித்தால் முடிந்தது.

இறந்தவர் விசாரணைக் கைதி என்றால் வழக்கு அவரோடு அற்றுப்போகும். தண்டனை பெற்று மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அப்படி விட வேண்டியதில்லை. ஊபா வழக்கில் தண்டனை பெற்று மேல்முறையீடு செய்திருந்த பாண்டு நரோட்டே 2022 ஆகஸ்டில் நாக்பூர் சிறைவாசத்தில் இறந்தார். அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதே வழக்கில் தண்டனை பெற்றிருந்த பேராசிரியர் ஜி.என்.சாய்பாபாவோடு அவரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. நெருங்கிய உறவினர் மேல்முறையீட்டைத் தொடர அனுமதி கேட்கச் சட்டம் தருவது மரண நாளிலிருந்து 30 நாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும்போது அதில் பாதி போயிருக்கும். அந்தத் தேதியை நாட்குறிப்பில் இன்றே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோழர்